பைதானுக்குள் ஆர்: ஒரு சம்பா கணக்கு

பெரியப்பாவின் பேரேட்டில் நெல் ரகங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். 38, 39, 46 என்றால் ஆடுதுறை ரகங்கள். 1009 என்றால் சி.ஆர். 1009, அதாவது பொன்மணி. 5204 என்றால் பிபிடி 5204, அரிசிக் கடையில் ஆந்திரா பொன்னி என்று விற்பது. திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "இந்த வருடம் ஆயிரத்து ஒன்பது" என்றுதான் பதில் வரும். இந்தப் பழக்கம் என்னை நான்கு நாள் அலைக்கழிக்கப்போகிறது என்று பேரேட்டைத் தட்டச்சு செய்தபோது எனக்குத் தெரியாது.

2015 சம்பா முதல் 2023 சம்பா வரை ஒன்பது பருவம், 41 வயல். எல்லா வயலும் எல்லா வருடமும் சாகுபடி ஆகவில்லை என்பதால் முந்நூறு வரிக்குக் கொஞ்சம் மேல் தேறியது. ஒவ்வொரு வரியிலும் வயல் எண், வருடம், ரகம், நடவா நேரடி விதைப்பா, மாவுக்கு எத்தனை மூட்டை. எங்கள் பக்கம் மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். மூட்டை என்றால் 60 கிலோ. ஆனால் பெரியப்பா நடுவில் சில வருடங்கள் கொள்முதல் நிலையத்துக் கணக்கில், 40 கிலோ சிப்பமாகவே எழுதிவைத்திருந்தார். மாவுக்கு 15 என்று ஒரு பக்கத்தில் பார்த்ததும் சந்தேகப்பட்டுக் கேட்டேன். "அது சிப்பமப்பா, பார்த்தாலே தெரியவில்லையா?" என்றார். அந்தப் பக்கங்களை எல்லாம் ஒன்றரையால் வகுத்தேன். இதற்கும் பின்னால் நான் எழுதிய கணினி நிரலுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இந்த ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண்.

பெரியப்பாவுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: நேரடி விதைப்பில் நடவைவிட எவ்வளவு குறைகிறது? இரண்டின் சராசரியையும் எடுத்துக் கழித்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நியாயமாகாது. மேட்டூரில் தண்ணீர் தாமதமாகத் திறந்த வருடங்களில்தான் ஊரே நேரடி விதைப்புக்குப் போகிறது. அதுவும் பள்ளக்கால் வயல்காரர்கள் ஒரு மாதிரி, மேட்டு வயல்காரர்கள் வேறு மாதிரி. கெட்ட வருடத்தின் பழியும் மோசமான வயலின் பழியும் விதைப்பு முறையின் தலையில் விழுந்துவிடும்.

மன்னார்குடியில் எங்கள் தெருவில் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை சார் என்றுதான் கூப்பிடும். அவரிடம் கேட்டேன். வயல், வருடம் இரண்டையும் தற்செயல் விளைவுகளாக (கேள்விக்கு வெளியே நின்று விளைச்சலை ஏற்றி இறக்குபவை) வைத்து, விதைப்பு முறையையும் ரகத்தையும் நிலையான விளைவுகளாக (அளந்து சொல்ல வேண்டியவை) வைக்கும் கலப்பு மாதிரி ஒன்றை, புள்ளியியலுக்கான ஆர் மொழியில் நாற்பது வரிகளில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் எல்எம்இ4 என்ற ஆயத்த நிரல் தொகுப்பை நம்பி எழுதியது. நான் பிழைப்புக்குப் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவன், உழவர் குழுவுக்கான இணையப் பக்கமும் பைதானில்தான் ஓடுகிறது. "இதைப் பைதானில் மாற்றி எழுதிவிடுகிறேன் சார்" என்றேன். "எழுதுங்கள் தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அன்று மாலையே புரிந்தது.

சிக்கல் இதுதான். ஒவ்வொரு வயலும் பல வருடங்களில் வருகிறது, ஒவ்வொரு வருடத்திலும் பல வயல்கள் வருகின்றன. ஒன்றுக்குள் ஒன்று அடங்காமல் பாவும் ஊடும்போலக் குறுக்கே ஓடுகின்றன. எல்எம்இ4-ல் இதற்கு அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும். பைதானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தொகுப்பிலும் கலப்பு மாதிரி உண்டு. ஆனால் அது குழுவுக்குள் குழு அடங்கும் அமைப்பை மனதில் வைத்து எழுதப்பட்டது. குறுக்கே ஓடுவதைச் சொல்ல வேண்டுமானால் மொத்தத் தரவையும் ஒரே குழு என்று ஏமாற்றி, உள்ளே மாறுபாட்டுக் கூறுகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். செய்தேன். மெதுவாக ஓடியது. வந்த விடை சாரின் விடையோடு கடைசி இலக்கங்களில் ஒத்துப்போகவில்லை. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போனால் அடுத்த சம்பா வந்துவிடும்.

பைதானைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆர் பிறந்த வீடு வேறு. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் தொடங்கிய எஸ் மொழியின் வழியில், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் எழுதியது அது. புள்ளியியல்காரர்கள் புள்ளியியல்காரர்களுக்காகச் செய்தது. எல்எம்இ4-ஐ எழுதியவர்களில் முதன்மையானவரான டக்ளஸ் பேட்ஸும் அந்தத் துறைக்காரர்தான். அவர்கள் ஆண்டுக்கணக்கில் இழைத்ததை நான் ஒரு வாரத்தில் மறுபடி செதுக்கத் தேவையில்லை. சாரின் நாற்பது வரியை அப்படியே வைத்துக்கொண்டு, அதைப் பைதானிலிருந்து கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு ஆர்பை2 என்ற பாலம் இருக்கிறது. பைதான் ஓடும் அதே புராசஸுக்குள் ஆரையும் குடிவைத்துவிடும்.

நிறுவும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்பை2-ஐ மட்டும் நிறுவினால் போதாது, ஆர் மொழி முதலில் கணினியில் இருக்க வேண்டும். பாலத்தைத் தொகுக்க (மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்ற) ஆரின் மேம்பாட்டுத் தொகுப்பும் தேவை. விண்டோஸில் முட்டிமோதாமல் லினக்ஸுக்குப் போய்விடுவது நல்லது. என் சர்வர் ஒரு ஜிபி நினைவகம் உள்ள சின்ன வாடகைச் சர்வர். அதில் எல்எம்இ4-ஐ மூலநிரலிலிருந்து தொகுக்கவிட்டேன். அது சார்ந்திருக்கும் சி++ நூலகங்கள் நினைவகத்தை விழுங்கி, பாதியில் லினக்ஸே அந்த வேலையைக் கொன்றுவிட்டது. இரண்டாவது முறையும் அதுவே. பிறகுதான் உபுண்டுவின் களஞ்சியத்தில் ஏற்கெனவே தொகுத்த எல்எம்இ4 தனிப் பொட்டலமாகக் கிடைப்பது தெரிந்தது. ஒரே கட்டளையில் முடிந்தது. முதலில் அங்கே தேடுங்கள்.

பாலம் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆரில் சராசரி கணக்கிடும் சார்பை (ஃபங்ஷனை) பைதானிலிருந்து கூப்பிட்டேன். நடுவில் விடுபட்ட மதிப்புகள் இருந்ததால் அவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிடும்படி ஒரு தேர்வையும் சேர்த்தேன். ஆரில் அந்தத் தேர்வின் பெயருக்கு நடுவில் ஒரு புள்ளி இருக்கும். பைதானில் பெயருக்குள் புள்ளி கூடாது என்பதால் ஆர்பை2 அதைக் கீழ்க்கோடாக மாற்றி ஏற்றுக்கொள்ளும் என்று படித்திருந்தேன். கீழ்க்கோடு போட்டுக் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் விடை வெறும் 'மதிப்பு இல்லை'. காரணம் வேடிக்கையானது. சார்பின் முகப்பில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்துத்தான் ஆர்பை2 கீழ்க்கோட்டைப் புள்ளியாக்கும். சராசரிச் சார்பின் முகப்பில் அந்தத் தேர்வின் பெயரே இல்லை, 'மற்றவை' என்று மூன்று புள்ளிதான் இருக்கிறது. எனவே என் கீழ்க்கோடு அப்படியே உள்ளே போயிருக்கிறது. ஆர் அதை அறிமுகமில்லாத விருந்தாளியாக நினைத்து, எதுவும் கேட்காமல் திண்ணையிலேயே உட்காரவைத்துவிட்டது. பெயரைப் புள்ளியோடு ஒரு சரமாக எழுதி, பைதான் அகராதியில் வைத்து விரித்துக் கொடுத்தால் சரியாகப் போகும்.

அடுத்து தரவு அட்டவணையைக் கடத்துவது. பைதானில் அட்டவணைகளைக் கையாளும் தொகுப்பான பாண்டாஸின் அட்டவணையை ஆரின் அட்டவணையாக ஆர்பை2 மாற்றிவிடும். பழைய வழிகாட்டிகளில் நிரலின் தலையிலேயே இந்த மாற்றத்தை ஒரேயடியாக இயக்கிவிடச் சொல்வார்கள். அது இப்போது கைவிடப்பட்ட முறை. தேவையான இடத்தில் மட்டும், ஒரு சூழலுக்குள் வைத்து மாற்ற வேண்டும். அப்படியே செய்தேன். விளைச்சல் நெடுவரிசையை மாற்ற முடியாமல் எழுத்துச் சரமாக மாற்றிவிட்டதாக ஓர் எச்சரிக்கை வந்தது.

தேடிப் பார்த்தால், ஏழு கட்டங்களில் விளைச்சலுக்குப் பதில் 'கஜா' என்று இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த புயல். பெரியப்பா அந்த வயல்களுக்குச் சுழியம் போடவில்லை, கோடும் போடவில்லை. புயலின் பெயரை எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் தட்டச்சு செய்தபோது நானும் பார்த்ததைப் பார்த்தபடி அடித்திருக்கிறேன். இதைச் சுழியமாக்குவதா, விடுபட்டதாக்குவதா? சாரும் நானும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். சுழியம் என்றால் உண்மைதான், அறுவடை இல்லை. ஆனால் அந்தச் சுழியம் விதைப்பு முறையால் வந்ததல்ல, மாதிரியில் போட்டால் அந்த வருடத்தையே இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசியில், அறுவடையான வயல்களுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று தெளிவாக எழுதிவிட்டு, அந்த ஏழு வயலின் பக்கத்தில் 'கஜா' என்றே காட்டுவது என்று வைத்தோம். பெரியப்பா எழுதியதை அழிக்க எனக்கும் மனம் வரவில்லை.

இப்போது மாதிரி ஓடியது. விதைப்பு முறைக்கு ஒரு விடை வந்தது. ரகத்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றும் வந்தது. மகிழ்ச்சியோடு பெரியப்பாவுக்குப் போன் செய்து இரண்டையும் சொன்னேன்.

"ஆயிரத்து ஒன்பதும் ஐயாயிரத்து இருநூற்று நாலும் ஒன்றா? எந்த மடையன் சொன்னான்?" என்றார்.

அந்த மடையன் நான்தான். சன்ன ரகமான 5204-க்கு விலை கிடைக்கும், விளைச்சல் 1009 அளவுக்கு வராது. டெல்டாவில் இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முடிவைக் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை நிமிடம்தான் பார்த்தார். "ஐந்து ரகம் இருந்தால் ரகத்துக்கு நான்கு வரி வர வேண்டும் தம்பி. இங்கே ஒரே ஒரு வரிதானே இருக்கிறது?"

பேரேட்டில் எண்ணாக இருந்ததைப் பாண்டாஸ் எண்ணாகப் படித்தது. ஆர்பை2 அதை எண்ணாகவே கடத்தியது. ஆரும் எண்ணாகவே வாங்கிக்கொண்டது. யாரும் தவறு செய்யவில்லை. மாதிரியின் கண்ணில் 38-லிருந்து 46-க்கு எட்டுப் படி, 46-லிருந்து 1009-க்கு 963 படி, 1009-லிருந்து 5204-க்கு 4,195 படி. ஒவ்வொரு படி ஏறும்போதும் விளைச்சல் எவ்வளவு மாறுகிறது என்று அது நேர்க்கோடு போட்டுப் பார்த்திருக்கிறது. கதவிலக்கம் பெரிதாக இருந்தால் வீடும் பெரிதாக இருக்கும் என்று நம்புவதுபோல. வயல் எண்களும் எண்கள்தாம். ஆனால் தற்செயல் விளைவுகளில் குழுவைக் குறிப்பதை எல்எம்இ4 தானாகவே வகையாக எடுத்துக்கொள்வதால் அங்கே ஒன்றும் கெடவில்லை. பாதி சரியாக இருந்ததால்தான் மீதி தவறு கண்ணில் படவில்லை.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. எல்எம்இ4 என்னை எச்சரித்திருக்கிறது. நிலையான விளைவுகளின் அளவுகள் ஒன்றோடொன்று மிகவும் வேறுபடுகின்றன, அளவை மாற்றிப் பாருங்கள் என்று ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு நெடுவரிசையில் சுழியமும் ஒன்றும், பக்கத்து நெடுவரிசையில் 5204 என்றால் அது வராமல் இருக்காது. ஆரின் எச்சரிக்கைகளை ஆர்பை2 பைதானின் லாக்குக்கு, அதாவது செய்திப் பதிவுக்குத்தான் அனுப்பும். தொகுப்புகளை ஏற்றும்போது வரும் அறிவிப்புகள் தொல்லையாக இருக்கின்றன என்று முதல் நாளே அந்த லாக்கை, பிழைகளை மட்டும் காட்டும்படி வாயடைத்துவைத்தது நான்தான். திறந்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எச்சரிக்கை அப்படியே வந்து நின்றது.

திருத்தம் சின்னது. ரகத்தை 'பொன்மணி', 'ஆடுதுறை 38' என்று பெயராக மாற்றி, பாண்டாஸில் வகை நெடுவரிசையாக்கினேன். வகை நெடுவரிசை பாலத்தைத் தாண்டும்போது ஆரின் ஃபேக்டராக, அதாவது எண்ணாக இல்லாமல் வகையாக, மாறிவிடும். வரிசையில் முதலில் நிற்கும் வகையோடுதான் மற்றவை ஒப்பிடப்படும் என்பதால், எங்கள் ஊரில் அதிகம் போடும் பொன்மணியை முதலில் நிறுத்தினேன். சாரின் நிரலின் தலையில், ரகம் ஃபேக்டராக வரவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்படி ஒரு வரியும் சேர்த்தேன். மாதிரி சம்பந்தப்பட்டது எல்லாவற்றையும் ஆர் கோப்பிலேயே ஒரு சார்பாக வைத்துவிட்டேன். பைதானிலிருந்து ஓர் அட்டவணை போகும், ஓர் அட்டவணை திரும்பி வரும், அவ்வளவுதான் எல்லை வணிகம். முதலில் எல்எம்இ4 தரும் முழுப் பொருளையும் பைதானுக்குக் கொண்டுவந்து அதன் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தேன். பயனில்லாத வேலை.

சார் அடுத்து, மேட்டூர் திறந்த தேதியையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். 2017-ல் அக்டோபர் 2, 2019-ல் ஆகஸ்ட் 13, 2020-ல் வழக்கமான ஜூன் 12, 2022-ல் மே 24 என்று வருடத்துக்கு ஒன்றாகத் தேதிகளை அனுப்பினேன். சரிபார்க்கத் திரும்ப அச்சிட்டால், 2020-ல் ஜூன் 11 என்று இருக்கிறது. டெல்டாவில் பிறந்தவனுக்கு ஜூன் 12 பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். ஒரு நாள் முன்னால் யார் திறந்தது? நான் இந்திய நேர மண்டலத்தோடு தேதியைக் கொடுத்திருந்தேன். நள்ளிரவு 12 மணி என்பது உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் மாலை ஆறரை. என் சர்வரில் இருந்த ஆர் பதிப்பு அதைத் தேதியாக மாற்றும்போது பொது நேரத்தைப் பார்த்து, முந்தைய நாளைப் போட்டுவிட்டது. தேதியைக் கடத்துவதையே விட்டுவிட்டேன். ஜூன் 12-லிருந்து எத்தனை நாள் தாமதம் என்று பைதானிலேயே எண்ணாக்கி அனுப்பினேன்: 2017-க்கு 112, 2019-க்கு 62, 2020-க்கு 0, 2022-க்குக் கழித்தல் 19.

அந்தத் தாமதத்துக்கு வந்த விடையைப் பக்கத்தில் காட்ட வேண்டாம் என்று சார் தடுத்துவிட்டார். வரிகள் முந்நூறு இருக்கலாம், ஆனால் திறந்த தேதிகள் ஒன்பதுதானே, ஒன்பது புள்ளியை வைத்து என்ன சொல்வது என்றார். வருடத்தைத் தற்செயல் விளைவாக வைத்ததால் மாதிரியும் அதைத்தான் சொல்லியது, விடை இருக்கக்கூடிய இடைவெளி அவ்வளவு அகலம். சாதாரண நேர்க்கோட்டு மாதிரியைப் போட்டிருந்தால் முந்நூறு சாட்சிகள் இருப்பதாக அது தைரியமாகப் பேசியிருக்கும்.

இணையப் பக்கத்தோடு இணைத்ததும் சர்வர் விழுந்தது. முதலில், பாண்டாஸ் அட்டவணையை ஆர் அட்டவணையாக மாற்றும் விதிகளைக் காணவில்லை என்று ஒரு பிழை. அந்த விதிகள் த்ரெடுக்குத் த்ரெடு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) தனியாக இருக்கும் ஒரு மாறியில் இருப்பதால், இணையச் சர்வர் உருவாக்கும் புதிய த்ரெடுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சரிசெய்தால், சி அடுக்கின் (ஆர் வேலை செய்யும் நினைவகப் பகுதியின்) வரம்பை நெருங்கிவிட்டதாக ஆர் அலறியது. ஆர் ஒரு நேரத்தில் ஒரு த்ரெடில் ஓடுவதற்காக எழுதப்பட்டது. அதைக் கேட்டபோது எனக்கு முறைப்பாசனம்தான் ஞாபகம் வந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைப்பார்கள். ஒரே நேரத்தில் எல்லா மதகையும் திறந்தால் கடைமடைக்கு ஒன்றும் போகாது. பூட்டு வைத்து முறை போடலாமா என்று அரை நாள் யோசித்தேன். பிறகுதான் புத்தி வந்தது: வருடத்துக்கு ஒரு முறை, தை அறுவடைக்குப் பிறகு மாறும் தரவு இது. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் எதற்காக மாதிரியை ஓட்டுகிறேன்?

மாதிரியைத் தனி நிரலாகப் பிரித்து, இரவில் கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) வழியாக ஓடவைத்தேன். அது விடையை எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் எழுதிவிடும், இணையப் பக்கம் அதைப் படித்துக் காட்டும், அவ்வளவுதான். மறுநாள் காலை ரகத்தின் பெயர்கள் எல்லாம் கோண அடைப்புக்குள் யூனிகோடு எண்களாக நின்றன. டெர்மினலில் ஓட்டும்போது ஒழுங்காக வந்த தமிழ், கிரானில் ஓடும்போது மொழிச்சூழல் அமைப்பு இல்லாததால் ஆருக்குப் புரியவில்லை. கிரான் கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 அமைப்பை ஒரு வரியில் சேர்த்ததும் சரியானது.

தனி நிரலாகிவிட்ட பிறகு ஆர்பை2 எதற்கு, அட்டவணையைச் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக எழுதி ஆரை நேரடியாக ஓட்டலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓட்டலாம். ஆனால் சிஎஸ்வியில் வகை என்ற செய்தி தொலைந்துவிடும். மறுமுனை மறுபடி உள்ளடக்கத்தைப் பார்த்து ஊகிக்கும். ஊகத்தால் பட்டது எனக்குப் போதும்.

கடைசி விடை: அறுவடையான வயல்களில், ரகமும் வயலும் வருடமும் கழித்துப் பார்த்தால், நேரடி விதைப்பில் மாவுக்கு ஏறத்தாழ முக்கால் மூட்டை குறைகிறது. இடைவெளி கால் மூட்டையிலிருந்து ஒன்றேகால் மூட்டை வரை. 1009-க்கும் 5204-க்கும் இடையில் இப்போது பெரியப்பா சொன்ன திசையிலேயே வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொன்னதும் அவர் வியக்கவில்லை. முக்கால் மூட்டையைத்தான் விரலில் எண்ணிப் பார்த்தார்.

"முக்கால் மூட்டை விலைக்கு ஒரு மா நட ஆள் வருமா?" என்றார். வராது என்று அவருக்கே தெரியும். உள்ளே போய் இன்னொரு பேரேட்டைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். குறுவைக் கணக்காம். திறந்த பக்கத்தில் ரகம் என்ற தலைப்பின் கீழ் 36, 43, 45, 16, 51.